கனடாவில் வேலைக்கான நேர்முகத் தேர்வு: சான்றிதழ் பேசாது, நீங்கள்தான் பேச வேண்டும்

வளைகுடாவுக்குப் போன நம் முந்தைய தலைமுறைக்கு நேர்முகத் தேர்வு என்பது பெரும்பாலும் சென்னையிலோ மும்பையிலோ ஓர் ஏஜென்சி அலுவலகத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் காரியமாக இருந்தது. பாஸ்போர்ட்டையும் அனுபவச் சான்றிதழையும் பார்ப்பார்கள், இரண்டு கேள்வி கேட்பார்கள், விசா வரும். இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பொறியாளர்களாக, கணக்காளர்களாக, கணினித் துறையினராக கனடாவுக்குக் குடிபெயர்கிறார்கள். 2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை வயது, படிப்பு, அனுபவம், மொழித்திறன் ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு நிரந்தரக் குடியுரிமை அனுமதியைத் தருகிறது.

இங்கேதான் பலருக்கு ஒரு தவறான எண்ணம் வந்துவிடுகிறது. 'அரசாங்கமே என் படிப்பையும் அனுபவத்தையும் ஏற்றுக்கொண்டு அழைத்திருக்கிறது. வேலை தானாகக் கிடைக்கும்' என்று நினைக்கிறார்கள். புள்ளி கொடுப்பது அரசு. வேலை கொடுப்பது நிறுவனம். நிறுவனத்துக்கு அந்தப் புள்ளிகளைப் பற்றி அக்கறை இல்லை. துபாயிலோ ரியாத்திலோ பத்து ஆண்டுகள் சேர்த்த பணம் டொரண்டோ வாடகையில் மாதாமாதம் கரைந்துகொண்டிருக்கும். எத்தனையோ விண்ணப்பங்களுக்குப் பிறகு ஒரே ஓர் அழைப்பு வரும். அந்த முக்கால் மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் ஒரு குடும்பத்தின் அடுத்த சில ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. எனவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

போகுமுன் செய்ய வேண்டியவை

முதலில் ரெஸ்யூமே. வளைகுடாவில் பயோடேட்டா என்றால் புகைப்படம், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, பாஸ்போர்ட் எண், விசா நிலை எல்லாம் இருக்கும். கனடாவில் இவற்றில் ஒன்றுகூட வேண்டாம். பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், வசிக்கும் நகரம், செய்த வேலைகள், படிப்பு. இரண்டு பக்கம் போதும். எல்லா இடத்துக்கும் ஒரே ரெஸ்யூமேயை அனுப்பாமல், ஒவ்வொரு விளம்பரத்திலும் கேட்டிருக்கும் திறன்களைப் பார்த்து, உங்களிடம் உண்மையாகவே இருப்பவற்றை முன்னால் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, உங்கள் தொழில் உரிமம் தேவைப்படும் தொழிலா என்று பாருங்கள். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், பள்ளி ஆசிரியர், பொறியாளர், சில மாகாணங்களில் எலக்ட்ரீஷியன் போன்றோருக்கு அந்தந்த மாகாணத்தின் ஒழுங்குமுறை அமைப்பு உரிமம் தர வேண்டும். குடியேற்றத்துக்காக டபிள்யூ.ஈ.எஸ். போன்ற அமைப்பிடம் வாங்கிய கல்விச் சான்று மதிப்பீடு உரிமம் ஆகாது. அது உங்கள் பட்டம் கனடாவின் எந்தப் பட்டத்துக்கு ஈடானது என்று மட்டும் சொல்லும். உரிமம் இல்லாத நிலையில் உங்களைப் 'புரொஃபஷனல் என்ஜினியர்' என்று அறிமுகப்படுத்திக்கொள்வது சட்டச் சிக்கலைக் கொண்டுவரும். 'உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன், இன்ன கட்டத்தில் இருக்கிறேன்' என்று சொல்வதே சரி. அப்படிச் சொல்வது மதிப்பைக் குறைக்காது. விவரம் தெரிந்தவர் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, இலவச உதவிகள். நிரந்தரக் குடியுரிமை அனுமதி பெற்றவர்களுக்கு மொழி வகுப்பு, ரெஸ்யூமே திருத்தம், மாதிரி நேர்முகத் தேர்வு ஆகியவற்றைக் கூட்டாட்சி அரசின் நிதியில் இயங்கும் குடியேற்ற உதவி அமைப்புகள் இலவசமாகத் தருகின்றன. அனுமதி உறுதியானவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே இணைய வழியில் சிலவற்றைப் பெறலாம். காசு கொடுத்து 'கன்சல்டன்ட்' பிடிப்பதற்கு முன் இவற்றைப் பயன்படுத்துங்கள்.

அவர்கள் உண்மையில் என்ன கேட்கிறார்கள்?

நம் ஊர் நேர்முகத் தேர்வில் பாடக் கேள்விகள் அதிகம். கனடாவில் தொழில் அறிவுக் கேள்விகளோடு இன்னொரு வகைக் கேள்வி கட்டாயம் வரும்: 'உங்கள் மேலதிகாரியோடு கருத்து வேறுபட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்', 'வேலை குறித்த நேரத்தில் முடியாது என்று தெரிந்தபோது என்ன செய்தீர்கள்?', 'கடினமான ஒரு வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தீர்கள்?' கடந்த காலத்தில் ஒருவர் நடந்துகொண்ட விதமே நாளை அவர் எப்படி நடப்பார் என்பதைக் காட்டும் என்ற எண்ணத்தில் கேட்கப்படும் கேள்விகள் இவை.

நம்மவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். முதல் காரணம், நாம் பொதுவாகப் பதில் சொல்கிறோம். 'நான் எப்போதும் பொறுமையாகப் பேசுவேன், டீமோடு ஒத்துப்போவேன்' என்கிறோம். அவர்கள் கேட்டது ஒரு நாள், ஒரு சம்பவம். இரண்டாவது காரணம் நம் வளர்ப்பு. 'நான்' என்று சொல்வது பெருமையடிப்பதாகிவிடும் என்று பயந்து 'நாங்கள் செய்தோம்' என்கிறோம். கேட்பவருக்கு அந்த 'நாங்கள்' என்பதில் உங்கள் பங்கு எது என்று தெரிவதில்லை. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றுகூட நினைத்துக்கொள்வார். நீங்கள் செய்ததை 'நான் செய்தேன்' என்று சொல்வது பெருமையல்ல, சாட்சியம். செய்யாததைச் செய்தேன் என்று சொன்னால்தான் தப்பு.

பதிலை நான்கு படிகளில் அடுக்கச் சொல்கிறார்கள். அங்கே இதற்கு ஸ்டார் முறை என்று பெயர். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன. முதல் இரண்டையும் ஓரிரு வரியில் முடித்துவிட்டு, மூன்றாவதற்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும். மொத்தம் இரண்டு நிமிடம்.

ஓர் எடுத்துக்காட்டு. துபாயில் சைட் இன்ஜினியராக இருந்த ஒருவரிடம் 'எதிர்பாராத நெருக்கடியைச் சமாளித்த அனுபவம் உண்டா?' என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பதில்: 'சைட்டில் தினமும் நெருக்கடிதான் சார். நாங்கள் எல்லாவற்றையும் நல்லபடியாக முடித்துக் கொடுத்தோம்.'

அதே மனிதர் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்: 'இரவு ஒன்பது மணிக்குத் தளம் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். பாதி முடிந்த நிலையில் பம்ப் நின்றுவிட்டது. அந்த ஷிஃப்டுக்கு நான் பொறுப்பு. தாமதமானால் போட்ட கான்கிரீட் இறுகி, புதியது அதோடு சேராது. நான் முதலில் ரெடிமிக்ஸ் பிளான்ட்டுக்கு போன் செய்து, கிளம்பாத லாரிகளை நிறுத்தினேன். ஏற்கெனவே வந்து நின்ற லாரியிலிருந்து கிரேன் பக்கெட்டில் எடுத்து, போட்ட பகுதியின் ஓரம் காயாமல் தொடர்ந்து போட வைத்தேன். அதற்குள் பக்கத்து சைட்டிலிருந்து மாற்று பம்பை வரவழைத்தேன். ஐம்பது நிமிடத்தில் வேலை மறுபடி தொடங்கியது. பிறகு நடந்த சோதனையில் தளம் தேறியது. அதற்குப் பின் பெரிய கான்கிரீட் நாட்களில் மாற்று பம்ப் உறுதியான பிறகே வேலையைத் தொடங்கும் வழக்கத்தை நான் கொண்டுவந்தேன்.'

இரண்டும் ஒரே மனிதரின் ஒரே அனுபவம். முதல் பதிலில் வேலை கிடைக்காது. இரண்டாவதில், துபாயைப் பார்த்தேயிராத ஒருவர்கூட 'இவரிடம் ஒரு சைட்டைக் கொடுக்கலாம்' என்று நினைப்பார்.

இப்படி ஏழெட்டுச் சம்பவங்களை உங்கள் வேலை வாழ்க்கையிலிருந்து எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நெருக்கடி, ஒரு கருத்து வேறுபாடு, ஒரு தவறு, நேரமின்மை, நீங்கள் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தது, நீங்களே புதிதாகக் கற்றுக்கொண்டது. எந்தக் கேள்வி வந்தாலும் இவற்றில் ஒன்று பொருந்தும். மனப்பாடம் செய்ய வேண்டாம். மனப்பாடம் குரலிலேயே தெரிந்துவிடும்.

'கனடா அனுபவம் இருக்கிறதா?'

புதிதாக வருபவர்களை அதிகம் நோகடிக்கும் கேள்வி இது. அனுபவம் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் அனுபவம் இல்லை. ஒன்டாரியோ மாகாண மனித உரிமை ஆணையம் 2013-லேயே, கனடா அனுபவம் கட்டாயம் என்று கேட்பது அடிப்படையில் பாகுபாடு என்று தன் கொள்கையாக அறிவித்தது. ஒன்டாரியோவின் பொறியாளர் உரிம அமைப்பு 2023 மே மாதம் இந்த நிபந்தனையை நீக்கியது. 2026 ஜனவரி 1 முதல், அந்த மாகாணத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் பொது வேலை விளம்பரத்தில் கனடா அனுபவம் வேண்டும் என்று போடக் கூடாது என்ற விதியும் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

சட்டம் மாறிவிட்டது என்பதற்காக மனங்கள் உடனே மாறிவிடாது. வாயால் கேட்காவிட்டாலும், 'இவருக்கு இங்குள்ள முறைகள் தெரியுமா?' என்ற சந்தேகம் கேட்பவர் மனதில் இருக்கும். அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லுங்கள். கட்டுமானத் துறையென்றால் ஒன்டாரியோ கட்டட விதிகளைப் படித்திருப்பதையும், கணக்குத் துறையென்றால் அங்குள்ள வரி முறையில் ஒரு குறுகிய பாடம் முடித்திருப்பதையும் சொல்லலாம். வளைகுடாவில் பல நாட்டவரோடு சேர்ந்து வேலை பார்த்திருப்பது உங்களுக்கு உள்ள பெரிய பலம். கனடா நிறுவனங்களும் அப்படிப்பட்டவைதான். அதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 'ரெஸ்யூமேயில் இரண்டு வருடம் கனடா கம்பெனி அனுபவம் போட்டுத் தருகிறோம், போன் வந்தால் நாங்கள் பேசிக்கொள்கிறோம்' என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். நம்மவர்களிலும் சிலர் 'எல்லோரும் செய்வதுதானே' என்று இதற்குச் சம்மதித்துவிடுகிறார்கள். பின்னணிச் சோதனையில் தெரிந்தால் வேலை போகும். இதே பொய் குடியேற்ற விண்ணப்பத்திலும் ஏறியிருந்தால் 5 ஆண்டுகள் கனடாவுக்குள் நுழையத் தடை வரலாம். சட்டத்தை விடுங்கள். பொய் சாட்சியத்தின் மீது கட்டிய சம்பளத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டுமா என்று ஒவ்வொரு குடும்பமும் யோசிக்க வேண்டும்.

வேலை கிடைக்கும் வரை கிடங்கிலோ கடையிலோ வேலை பார்ப்பதில் எந்தக் கேவலமும் இல்லை. ஹலாலான உழைப்பு எதுவாக இருந்தாலும் கண்ணியமானதே. நேர்முகத் தேர்வில் கேட்டால் மறைக்காமல், 'குடும்பத்தைக் காப்பாற்ற இந்த வேலை பார்த்துக்கொண்டே என் துறையில் இன்ன பாடம் படித்தேன்' என்று சொல்லுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஓவர்டைம் ஆசையில் வாரம் முழுவதும் ஷிஃப்ட் எடுத்துவிட்டால் விண்ணப்பம் போடவும் தயாராகவும் நேரம் இருக்காது. வாரத்தில் ஒரு வேலைநாளின் காலைப் பொழுதையாவது இதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

பேச்சில் கவனிக்க வேண்டியவை

ஆங்கிலம் தெரிந்திருந்தும் நம் ஆங்கிலம் சில இடங்களில் வேறு பொருள் தரும். '2010-இல் பாஸ்ட் அவுட் ஆனேன்' என்றால் கனடாவில் மயங்கி விழுந்தேன் என்று அர்த்தம். 'கிராஜுவேட்டட்' என்று சொல்ல வேண்டும். 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் என்பது போல் கேட்கும். 'கொஸ்டின்' என்று சொல்லுங்கள். லட்சம், கோடி அவர்களுக்குப் புரியாது. இரண்டு கோடி ரூபாய் திட்டத்தை இருபது மில்லியன் ரூபாய் என்றும், தோராயமாக எத்தனை கனடா டாலர் என்றும் சொல்லுங்கள்.

ஆமாம் என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதை அவர்கள் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடும். வாயால் 'யெஸ்' சொல்லிவிடுங்கள். 'சார்', 'மேடம்' தேவையில்லை. மேலாளரையும் பெயர் சொல்லியே அழைப்பார்கள், நீங்களும் அப்படியே அழைக்கலாம். பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசாதிருப்பது நமக்கு மரியாதை. அங்கே அது தன்னம்பிக்கை இல்லாததாகத் தெரியும். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்பதில் தவறில்லை. ஊகித்துப் பதில் சொல்வதுதான் ஆபத்து.

கடைசியில் 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். 'ஒன்றுமில்லை' என்று எழுந்துவிடாதீர்கள். 'இந்த வேலையில் முதல் மூன்று மாதத்தில் நான் எதை முடித்திருந்தால் உங்களுக்குத் திருப்தி?' என்பது போல் ஒன்றிரண்டு கேள்விகள் தயாராக இருக்கட்டும். அன்றோ மறுநாளோ நன்றி தெரிவித்து நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

தொழுகை, ஹிஜாப், கை குலுக்குதல்

நம் குடும்பங்கள் அதிகம் கவலைப்படும் விஷயம் இது. ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டத்தின்படி மதம், வயது, திருமண நிலை, குழந்தைகள், பிறந்த நாடு பற்றி வேலைக்கான நேர்காணலில் கேட்கக் கூடாது. மற்ற மாகாணங்களிலும் இதுபோன்ற பாதுகாப்பு உண்டு. 'கனடாவில் வேலை பார்க்கச் சட்டப்படி அனுமதி இருக்கிறதா?' என்று கேட்கலாம். யாராவது தெரியாமல் 'எத்தனை பிள்ளைகள்?' என்று கேட்டுவிட்டால் சண்டைக்குப் போக வேண்டாம். 'இந்த வேலையின் நேரம், பயணம் இரண்டுக்கும் நான் தயாராகத்தான் இருக்கிறேன்' என்று வேலையின் பக்கம் பேச்சைத் திருப்பிவிடலாம்.

மத நம்பிக்கைக்கு ஏற்ப வசதி செய்து தரும் கடமை நிறுவனங்களுக்கு உண்டு. தாங்க முடியாத சிரமம் வரும் என்று நிறுவனம் நிரூபித்தால் மட்டுமே விலக்கு. எனவே தொழுகைக்குச் சில நிமிடங்கள், ஜும்ஆவுக்கு மதிய இடைவேளையை நீட்டி மாலையில் ஈடுசெய்வது போன்றவற்றைக் கேட்கலாம். எப்போது கேட்பது? முதல் சந்திப்பில் அவசியமில்லை. வேலைக்கு அழைப்புக் கடிதம் கையில் வந்த பிறகு, நேரம் பற்றிப் பேசும்போது கேட்பது நல்லது. 'இந்த நேரம் வேண்டும், வேலையை இப்படி முடித்துத் தருகிறேன்' என்று வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வையே வெள்ளி மதியம் வைத்தால் தயங்காமல் வேறு நேரம் கேட்கலாம்.

சகோதரிகள் ஹிஜாபோடு தாராளமாகப் போகலாம். தொழிற்சாலை போன்ற இடங்களில் பாதுகாப்புக் காரணம் சொன்னால், தலைக்கவசத்தின் கீழ் இறுக்கமாக அணியும் வகைகள் உண்டு என்று சொல்லலாம். கியூபெக் மாகாணம் மட்டும் விதிவிலக்கு. 2019-இல் வந்த சட்டப்படி அங்கே அரசுப் பள்ளி ஆசிரியர், காவலர் போன்ற பணிகளில் மத அடையாளம் அணியத் தடை உள்ளது. அங்கு குடியேற நினைக்கும் ஆசிரியைகள் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

எதிர்பாலரோடு கை குலுக்க விரும்பாதவர்கள், அவர் கை நீட்டும் முன்பே வலக்கையை நெஞ்சில் வைத்து, புன்னகையோடு 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி' என்று சொல்லிவிட்டால் சங்கடம் இருக்காது. கை நீட்டிய பிறகு பின்வாங்குவதுதான் மனதைப் புண்படுத்தும்.

சம்பளம், சிபாரிசு, மோசடி

கனடா அரசின் ஜாப் பேங்க் இணையதளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் அந்தந்தப் பகுதியில் குறைந்த, நடுத்தர, அதிக சம்பளம் எவ்வளவு என்று இருக்கிறது. பார்த்துவிட்டுப் போங்கள். வளைகுடாவில் வருமான வரி இல்லை. வீடு, டிக்கெட் நிறுவனம் தரும். கனடாவில் சொல்லும் தொகை ஆண்டுக்கு, வரிக்கு முன். வருமான வரி, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு எல்லாம் அதிலிருந்துதான் பிடிப்பார்கள். இந்தக் கணக்கைப் போடாமல் தொகையை மட்டும் கேட்டு மகிழ வேண்டாம்.

சிபாரிசுக்கு இரண்டு மூன்று பேர் கேட்பார்கள். பழைய மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். டொரண்டோவுக்கும் துபாய்க்கும் குளிர்காலத்தில் 9 மணி நேர வித்தியாசம், இந்தியாவுக்குப் பத்தரை மணி நேரம். எப்போது அழைத்தால் கிடைப்பார் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

ஒன்பது இலக்க சமூகக் காப்பீட்டு எண்ணை வேலை உறுதியான பிறகுதான் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்திலோ நேர்முகத் தேர்விலோ அதையும் வங்கி விவரத்தையும் கேட்டால் உஷாராகிவிடுங்கள். 'வேலை உறுதி, பயிற்சிக் கட்டணம் கட்டுங்கள்' என்றால் அது வேலையே அல்ல.

வீட்டாருக்குச் சில வார்த்தைகள்

நேர்முகத் தேர்வு ஒருவர் மட்டும் எழுதும் பரீட்சை போலத் தெரிந்தாலும் அதன் பாரத்தைக் குடும்பமே சுமக்கிறது. ஊரிலிருந்து வாப்பாவும் உம்மாவும் தினமும் 'வேலை கெடச்சிச்சா?' என்று கேட்பது அன்பினால்தான். கேட்பவருக்கோ அது ஒவ்வொரு நாளும் தோற்றுவிட்டதாகச் சொல்லிக்காட்டுவது போல் விழும். 'இந்த வாரம் எதற்குத் தயாராகிறாய்?' என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டிலேயே பயிற்சி செய்யலாம். இரவு சாப்பாட்டுக்குப் பின் மனைவி கேள்வி கேட்கட்டும், கணவர் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லட்டும், மறுநாள் மாறிக்கொள்ளலாம். அங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உச்சரிப்பைத் திருத்தினால் கோபப்படாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளை வளர்ப்பில் சில ஆண்டுகள் வேலையை விட்டிருந்த சகோதரிகள் அந்த இடைவெளிக்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. 'குடும்பத்துக்காக நிறுத்தினேன், இப்போது இன்ன பயிற்சியோடு திரும்புகிறேன்' என்பது போதுமான பதில்.

ஏற்கெனவே அங்கே நல்ல வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் புதிதாக வந்த ஒருவரைப் பார்த்தால் சலாம் சொல்வதோடு நிறுத்திவிடாமல், அவர் என்ன துறை என்று கேளுங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து உங்கள் நிறுவனத்தில் எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுங்கள். விளம்பரத்துக்கு வராமலே தெரிந்தவர் மூலம் நிரம்பும் இடங்களும் உண்டு. உங்கள் ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றலாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் உங்கள் வேலை வாழ்க்கையின் முதல் சம்பவத்தை இன்றிரவே எழுதத் தொடங்குங்கள். மறுப்பு வந்தால், எந்தக் கேள்வியில் தடுமாறினோம் என்பதையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அழைப்பு வரும்போது அந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.